நாலு பேருக்கான மேடை

1

ஆடி அமாவாசை முடிந்து இன்றைக்கு ஒன்பது நாள். நான் வேதக்கார வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கர். எங்கள் கடற்கரை ஊரான கொக்கிளாயில் எங்களுக்கு அந்த நாளைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அன்றைக்குப் பிடிபடும் மீனை வாங்க ஆளிருக்காது என்பதுதான். சைவக்காரர் எல்லோரும் விரதம். இந்த வருடம் அந்த நாளை நான் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஓர் ஏரியின் நடுவில், ஒரு மோட்டர் படகின் முன்பக்கத்தில் குந்தியிருந்து கழித்தேன்.

அதை எழுதவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் பிழை ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகென்றால் சொல்ல மனம் வராது. நான் கட்டிக்கொடுத்த ஒன்றில் எத்தனை பேர் நிற்கப்போகிறார்கள் என்று, நிற்கப்போகிறவர்களிடம் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்து நானே ஓர் எண்ணை எழுதினேன். இப்போது ஆறு மாதத்துக்கு என் வரைபடங்களில் நான் கையெழுத்து வைக்க முடியாது. வேறொருவர் பார்த்துத்தான் வைப்பார். இந்தத் தண்டனையை யாரும் தேடிவந்து தரவில்லை. நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்து என்று லேசாகச் சொல்கிறேன். எங்கள் அம்மா இன்றைக்கும் வங்கியில் பெருவிரலைத்தான் வைக்கிறா. அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் ஓர் எழுத்தும் தெரியாது. அண்ணா எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனான். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான்தான், கணிதம் படித்தவள் நான்தான், இங்கே வந்து கல்லூரியில் படகு கட்டும் தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழ் வாங்கியவளும் நான்தான். இந்த வசந்தத்தில்தான் பட்டறையில், என் வரைபடங்களின் கீழ் நானே கையெழுத்திடலாம் என்றார்கள். முதல் கையெழுத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா அதைக் கோயிலில் பாதருக்குக் கொண்டுபோய்க் காட்டினாவாம்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே படகு என்பது தொழில் இல்லை, பொழுதுபோக்கு. கோடை மூன்று மாதமும் ஏரி முழுவதும் வெள்ளை மோட்டர் படகுகள். அவற்றின் பின்பக்கத்தில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நீந்தப் போகிறவர்கள் அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவார்கள், அதைப் பிடித்து ஏறுவார்கள். நீச்சல் மேடை என்று சொல்லலாம். படகோடு வரும் மேடை சிறியது. இரண்டு பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்துவிடும். அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். அந்த வேலைதான் எனக்கு.

போனில் எத்தனை தரம் சொல்லியும் அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

"வள்ளத்தில இருந்து கடலுக்குள்ள விழாமத்தான் நாங்கள் பாக்கிறது. நீ விழுறதுக்குப் படி கட்டிக் குடுக்கிறியோ?"

"விழுறதில்லை அம்மா, நீந்துறது."

"ஏன் நீந்துவான்? வலை இழுக்கவோ?"

"சும்மா."

"சும்மாவோ!" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தா.

பைபர் துணியை அச்சில் விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றுகிற வேலையில் பெண்கள் குறைவு. எங்கள் பட்டறையில் நான் ஒருத்தி. வேலை நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நான் "ஓம், ஓம், ஓம்" என்று கதைப்பதைக் கேட்டு, முதல் வருடம் முழுக்க நான் தியானம் செய்வதாகக் கூட வேலை செய்பவர்கள் நினைத்திருந்தார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவார். அது எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கான சொல் என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

3

ஆனி மாதத் தொடக்கத்தில் சிவம் அண்ணை வந்தார். இருபத்தேழு அடிப் படகு. புதியதில்லை, ஆனால் நன்றாக வைத்திருந்தார். முதலாளி டேவ், "உன் நாட்டுக்காரர் போலிருக்கிறது" என்று என்னிடம் அனுப்பினார். நாற்பது வயது தாண்டியவர். நாலு லொறி வைத்து ஓட்டுகிறார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி எவடம்?"

"கொக்கிளாய்."

"ஓ, கடற்கரைப் பிள்ளை. அதுதான் வள்ளம் கட்ட வந்திருக்கிறியள். நான் கனகராயன்குளம். எங்களுக்குக் குளம்தான் கடல்."

மேடை பெரிதாக வேண்டும் என்றார். எவ்வளவு பெரிது என்று கேட்டேன். "ஏலுமான அளவு" என்றார். எதற்கு என்று கேட்டேன். அது படிவத்தில் இருக்கும் கேள்வி.

அவர் ஒரு கணம் பட்டறைச் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளையள் நீந்திறதுக்கு" என்றார்.

நான் 'பொழுதுபோக்கு, நீச்சல்' என்று எழுதினேன். அடுத்த வரி, ஒரே நேரத்தில் மேடையில் நிற்பவர்களின் எண்ணிக்கை. அதை நான் வாசித்துக் காட்டவில்லை. இந்த அளவுப் படகுக்கு வழமையாக எழுதுவது நாலு. நாலு என்று எழுதிவிட்டு, கையெழுத்துக்காகத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் வாசிக்காமல் வைத்தார். எங்கள் ஆட்கள் படிவத்தை வாசிப்பதில்லை. எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் திருப்பிக் கொடுத்தேன்.

மேடை நல்ல வேலை. அதை இப்போதும் சொல்வேன். நாலடி நீளம், படகின் முழு அகலம், அடியில் அலுமினியத் தாங்கிகள், மேலே வழுக்காத பூச்சு. நாலு பேரின் பாரத்துக்கு மணல் மூட்டை வைத்துப் பார்த்தோம். படகின் பின்பக்கத்தில் மழைத்தண்ணீர் வடிவதற்குத் துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றுக்கு நாலு விரல் கீழே நின்றது. 'நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது' என்று ஆங்கிலத்தில் ஒரு தகடும் அடித்தேன்.

படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். அவன் பைபர் வள்ளத்தில் தொழில் செய்கிறவன்.

"வடிவாத்தான் இருக்கு. எத்தினை பேர் ஏறுவினம்?"

"நாலு பேர்."

"அவை சொன்னவையோ?"

"நான் கணக்குப் போட்டனான்."

"கணக்கு இருக்கட்டும். ஏறப்போற ஆக்களிட்டக் கேட்டனியோ?"

"அதெல்லாம் படிவத்தில இருக்கு அண்ணா."

"சரி சரி, இஞ்சினியர் அம்மா. கேக்கேல்லையெண்டு சொல்லன்."

கோபம் வந்தது. எட்டாம் வகுப்பில் நின்றவனுக்கு மேடையின் பாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

4

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது சிவம் அண்ணை அழைத்தார்.

"தங்கச்சி, வேலைக்கு லீவு எடுக்க ஏலுமோ? நீங்களும் வரவேணும். நீங்க கட்டின மேடையிலதான் அப்பாவுக்குச் செய்யப்போறம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசையில் தண்ணீரில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஐயர் சொல்லச் சொல்லப் பெயர் சொல்லிக் கொடுக்கிற கடமை. இறந்த நாள் தெரிந்தவர்களுக்கு அந்தத் திதியும் இருக்கிறது. அவருடைய அப்பா போரின் கடைசி மாதங்களில் போனவர். நாள் தெரியாது. ஆகவே வருடத்தில் அவருக்கு இருப்பது இந்த ஒரு நாள்தான்.

"போன வருசம் ஏரிக்கரைப் பூங்காவில செய்தனாங்கள். சனம் நீந்துது, பிள்ளையள் பந்தடிக்குது. நடுவில நாங்கள் வேட்டியோட. பிண்டத்தைத் தண்ணியில விட, காவலாளி ஓடி வந்திட்டான். சோறு போடக் கூடாதாம். ஆரோ ஒரு பிள்ளையின்ர விளையாட்டு வாளியைத் தந்து, அள்ளுங்கோ எண்டான். அம்மாவுக்கு முன்னால நான் அப்பாவின்ர பிண்டத்தை விளையாட்டு வாளியால அள்ளினனான், தங்கச்சி."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"அதுதான் படகு. நடு ஏரியில ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஐயர் பிண்டத்தைப் பாத்திரத்தில வைக்கலாம் எண்டிட்டார், தண்ணிக்குள்ள சோறு ஒண்டும் போடமாட்டம். பதினொரு பேரும் மேடையில வரிசையா நிண்டு செய்யப்போறம்."

"பதினொரு பேரோ?"

"எங்கட அம்மா, நாங்கள் மூண்டு சகோதரம், மனுசிமார், நாலு பிள்ளையள். ஐயரோட பன்னிரண்டு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் பின்பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தேவையில்லை. வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பிறகு இயந்திர அறையின் காற்றுத் துவாரம். அல்லது அதற்கு முன்பே தாங்கிகள் விட்டுவிடும்.

"அண்ணை, நாலு பேருக்கு மேல நிக்க ஏலாது. தகடு அடிச்சிருக்கிறன்."

"தகட்டைப் பாத்தனான். வெள்ளைக்காரன் எப்பவும் குறைச்சுத்தானே எழுதுவான். ரெண்டு தொன் எண்டு போட்ட லொறியில நாலு தொன் ஏத்தினாலும் போகும்."

"வெள்ளைக்காரன் இல்லை, நான்தான் எழுதினனான்."

"தங்கச்சி, கடைசிச் சண்டையில நாங்கள் அங்கயிருந்து வெளிக்கிட்ட வள்ளத்தில இருபத்தாறு பேர். எட்டுப் பேர் போற வள்ளம். தண்ணிக்குள்ள தாண்டதோ? தாழேல்லை. இஞ்ச நிக்கிறன்."

"அண்ணை, தயவுசெய்து. நாலு பேர்."

"ஓம் ஓம், பாப்பம்" என்றார்.

அந்த ஓம் எனக்குத் தெரியும். அது ஆமாம் இல்லை. பேச்சை முடிப்பதற்கான ஓம்.

5

டேவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்துப் பார்த்தார். பயன்பாடு நீச்சல், எண்ணிக்கை நாலு, கீழே வாடிக்கையாளரின் கையெழுத்து, தகட்டின் படம். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"எச்சரித்தாயா?"

"எச்சரித்தேன்."

"அதை எழுதி அனுப்பிவிடு. உன் தாள்கள் சுத்தமாக இருக்கின்றன. இதற்கு மேல் அவர்களின் பொறுப்பு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். நானும் போய் மேசையில் உட்கார்ந்து, அந்த மின்னஞ்சலை எழுதத் தொடங்கினேன். முதல் வரியில் நின்றுவிட்டது.

போர் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வரிசைக் கூடாரங்களில் வேகமாக எழுதத் தெரிந்தவள் என்று, நிவாரணப் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பெருமை. ஒரு பேனை, ஒரு மட்டை, காலை முழுக்க என் முன்னால் பெரியவர்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். குடும்பத் தலைவர், அங்கத்தவர் எத்தனை பேர், வயது. அவ்வளவுதான் கேள்விகள். விசுவமடுப் பக்கத்து ஆள் ஒருவர் எல்லாப் பெயரும் சொல்லி முடித்த பிறகு, "என்ர தம்பியையும் எழுது பிள்ளை" என்றார்.

"அவர் எங்க?"

"தெரியாது."

"இஞ்ச இல்லாத ஆக்களை எழுத ஏலாது மாமா" என்றேன். அங்கே மேசையில் இருந்த அதிகாரி சொல்வதை அப்படியே, அதே குரலில் சொன்னேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு எழும்பிப் போனார். தம்பியின் பெயர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

மின்னஞ்சலை எழுதி முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

6

காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். சிவம் அண்ணையும் தம்பிமார் இருவரும் வேட்டி, மேலே சால்வை. மனைவிமார் மூவரும் சேலை. வீட்டில் விரதச் சமையல் முடித்து மூடி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்; அந்த நாளுக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய் உறைந்த பொதியில்தான் கிடைத்தது என்று ஒருவர் மற்றவரிடம் குறைப்பட்டார். பிள்ளைகள் நாலு பேரும் சிவம் அண்ணையின் மூத்த மகளைச் சுற்றி நின்றார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது, பெயர் ஆரணி. ஒருவர் கையிலும் போன் இல்லாமல் இல்லை. சிவம் அண்ணையின் அம்மா வெள்ளைச் சேலையில், ஒரு கையில் செம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றா.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்குள்ள முடிக்கவேணும். எனக்குப் பிறகு இன்னொரு இடம் இருக்கு."

நான் படகின் வாசலில் நின்றேன்.

"அண்ணை, இந்தப் படகு தாங்கிறது பத்துப் பேர். என்னையும் சேர்த்து. மேடையில நாலு பேர். மற்ற ஆக்கள் முன்னுக்கு இருக்கவேணும்."

"தங்கச்சி, நல்ல நாளில தடக்காதேங்கோ."

"தடக்கேல்லை அண்ணை. பிழை என்ர. அண்டைக்கு எத்தினை பேர் எண்டு நான் உங்களைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா இப்பிடிக் கட்டியிருக்க மாட்டன். இப்ப கேட்டிட்டன், இப்ப விட ஏலாது."

அவருடைய இளைய தம்பி சிரித்துப் பார்த்தார். "கடற்கரையார் சொன்னாக் கேக்கத்தான் வேணும் அண்ணை. நாங்கள் குளத்து மீன்."

சிவம் அண்ணை சிரிக்கவில்லை.

"அப்ப ஆரை விட்டிட்டுப் போறது? சொல்லுங்கோ. நீங்களே ஆளைக் காட்டுங்கோ."

அந்த நேரத்தில் ஆரணி ஆங்கிலத்தில், தாங்கள் நாலு பேரும் இங்கேயே நிற்கிறோம், பரவாயில்லை என்றாள். மற்ற மூன்று பேரும் உடனே தலையாட்டினார்கள். ஒரு பையன் ஏற்கெனவே நிழலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டான். சிவம் அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. மேடையை 'ஏலுமான அளவு' பெரிதாக அவர் கேட்டது அந்த நாலு பேருக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிவம் அண்ணையின் அம்மா என் பக்கத்தில் வந்தா. மெல்லிய குரல்.

"அவரும் இப்பிடித்தான் பிள்ளை. வள்ளத்தில இடமில்லையெண்டு இறங்கினவர்."

சிவம் அண்ணை தலையைக் குனிந்தார்.

"ஏறியிருந்தவர். வள்ளக்காரன், ஒராள் கூடிப்போச்சு, தாழும் எண்டான். இவர் ஒண்டும் பேசாமல் இறங்கிக் கரையில நிண்டார். வள்ளம் திரும்பி வரும், ரெண்டாம் தரம் வாறன் எண்டு கை காட்டினவர்." அவ செம்பை மற்றக் கைக்கு மாற்றினா. "ரெண்டாம் தரம் வள்ளம் வரேல்லை."

இருபத்தாறு பேர் என்று சிவம் அண்ணை போனில் சொன்னபோது, இருபத்தேழாவது ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த வள்ளக்காரனை நான் நினைத்துப் பார்த்தேன். என் அப்பா மாதிரியான ஒருவனாக இருந்திருப்பான். அவன் சொன்னது சரி. அதுதான் கொடுமை. இருபத்தேழாவது ஆள் ஏறியிருந்தால் ஒருவேளை ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். நானும் இப்போது அவன் நின்ற இடத்தில் நிற்கிறேன், அவன் சொன்னதையே சொல்கிறேன்.

"அம்மா, ஏத்த ஏலாது" என்றேன். "ஆனா ரெண்டு தரம் போவம். போயிட்டு வந்து மற்ற ஆக்களை ஏத்துவம். வள்ளம் வரும். நான் கூட்டிக்கொண்டு வருவன்."

ஐயர் மீண்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "ரெண்டு தரம் போவம். மற்ற இடத்துக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

"அப்ப பிள்ளையள் முதல் போகட்டும்" என்றா அம்மா. "நான் நிக்கிறன்."

"அம்மா, நீங்க முதல் வாங்கோ" என்றார் சிவம் அண்ணை.

"பிள்ளையளை ஏத்து. நான் கரையில நிண்டு பழகினனான்."

ஆரணிக்கு எல்லாத் தமிழும் விளங்காது. ஆனால் ஏதோ விளங்கிவிட்டது. போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு முதலாவதாகப் படகில் ஏறினாள். மற்ற மூன்று பேரும் பின்னால் வந்தார்கள்.

7

நடு ஏரியில் நங்கூரம் போட்டோம். காற்று இல்லை. மூன்று சகோதரரும் ஐயரும் மேடையில் இறங்கினார்கள். நாலு பேர். பிள்ளைகளை நான் படகின் முன்பக்கத்துக்குக் கூட்டிப்போய், என்னோடு நெருங்கி உட்காரச் சொன்னேன்.

"ஏன் இங்க?" ஆரணி தமிழில்தான் கேட்டாள்.

"பின்னுக்கு அப்பா ஆக்கள் நிக்கினம். முன்னுக்குப் பாரம் வேணும். நாங்கள்தான் பாரம்."

"நாங்க சும்மா இருக்கிறதா வேலை?"

"ஓம். சும்மா இருக்கிறதுதான் வேலை. எழும்பினா வள்ளம் பின்னுக்கு இழுக்கும்."

அதை அவள் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அதன் பிறகு நாலு பேரும் கால் மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. பின்னால் ஐயரின் குரலும், அதைத் திருப்பிச் சொல்லும் மூன்று குரல்களும் கேட்டன. தகப்பன் பெயர் சொன்னார்கள், தகப்பனின் தகப்பன் பெயர் சொன்னார்கள். அதற்கு மேல் பெயர் தெரியாமல் சிவம் அண்ணை நின்றார். தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்கும் ஒரு சொல் இருக்கிறது என்று ஐயர் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

கடமை முடிந்து தம்பிமார் மேலே ஏறியதும், பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடைக்கு அனுப்பினேன். ஆரணி தகப்பனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தண்ணீரை அள்ளி விட்டாள்.

"அப்பா, எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கு. அப்பப்பாவுக்கு ஏன் இல்லை?"

சிவம் அண்ணை எத்தனை வருடமாக அந்தக் கேள்விக்குத் தயாரில்லாமல் இருந்தாரோ தெரியாது. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவர் செத்ததை நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையம்மா. கரையில நிண்டதைத்தான் பாத்தனாங்கள்."

அவள் திரும்பித் துறையைப் பார்த்தாள். அங்கே வெள்ளைச் சேலையில் ஓர் உருவம் தெரிந்தது.

"அப்பம்மா நிக்கிறா" என்றாள். "போவம். கெதியாப் போவம்."

8

துறையில் பலகை இருக்கை இருந்தது. நாங்கள் போய் வந்த முழு நேரமும் அம்மா அதில் இருக்கவில்லையாம். மருமகள்மார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். படகு கரை அணைந்ததும் ஆரணி முதலாவதாகக் குதித்து இறங்கி, அவவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பிள்ளைகள் கரையில் நின்றார்கள். மருமகள்மார் ஏறினார்கள். நான் திரும்பவும் முன்பக்கத்துக்குப் போனேன்.

அதே இடத்தில் நங்கூரம். இந்தத் தடவை மேடையில் சிவம் அண்ணை, தம்பிமார் இருவர், ஐயர். அம்மா படகின் உள்ளே நின்று மேடையைப் பார்த்தா. தண்ணீரில் கால் வைக்கவேண்டும் என்று கேட்டா.

நான் வாயைத் திறக்கவேண்டி வந்தது. கணவனை ஒரு பாரமாக எண்ணி இறக்கிவிட்ட நாளைப் பார்த்தவவிடம், நீங்கள் ஐந்தாவது ஆள் என்று நான் சொல்லவேண்டும்.

"அம்மா, ஒராள் இறங்கவேணுமெண்டா..."

ஐயர் என்னை முடிக்க விடவில்லை. "நான் மேல வாறன். மந்திரம் மேல நிண்டு சொன்னாலும் கேக்கும்" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அம்மா அவர் விட்ட இடத்தில் இறங்கினா. மூன்று மகன்களும் பிடித்து மேடையின் விளிம்பில் இருத்தினார்கள். கால்கள் கணுக்கால் வரை தண்ணீரில் இருந்தன.

நான் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர், வடிகால் துளைகளுக்கு நாலு விரல் கீழேதான் நின்றது. கணக்குச் சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் ஒன்றும் பெருமைப்படவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய், எண்ணிக்கை வரியை வாடிக்கையாளரிடம் கேட்காமல் நானே நிரப்பினேன் என்று எழுதி டேவின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். இதை நீ எழுதியிருக்கத் தேவையில்லை என்றார். தெரியும் என்றேன். ஆறு மாதம் என்றார். ஊரில் என் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசிக்கிற யாராவது கொக்கிளாய்க்குப் போனால், நானே சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

ஆனால் அது மறுநாள். அன்றைக்கு ஏரியில், ஐயர் மேலே நின்று சொல்லச் சொல்ல, மூன்று மகன்களும் தண்ணீரை இறைத்தார்கள். அம்மா மந்திரம் சொல்லவில்லை. செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஊற்றினா. எல்லாம் முடிந்து ஐயரும் நிறுத்திய பிறகு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் கதைப்பதுபோல் தண்ணீரைப் பார்த்துக் கதைத்தா.

"எல்லாரும் வந்திட்டம், கேட்டியளோ. பேரப்பிள்ளையளும் வந்தவை. ரெண்டு தரமா வந்தனாங்கள். ஒருத்தரையும் விடேல்லை."

மருமகள்மார் அழுதார்கள். எனக்கும் எழும்பிப் போய் அவவின் தோளைத் தொடவேண்டும் போலிருந்தது. பின்னால் நாலு பேர் இருந்தார்கள். நான் முன்பக்கத்திலேயே, இருந்த இடத்திலேயே இருந்தேன்.